சோக்கில் ஓட்டம் ‘லேட்டாக’ வருவதில்லை

டியூப் லைட் சோக் போன்ற கம்பிச் சுருளுக்கு மின்தூண்டி என்று பெயர். மாறுதிசை மின்சாரத்தில், மின்தூண்டியில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு 90 டிகிரி பின்தங்கும். இதைப் பிளஸ் டூ மாணவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சரி, ஏன் என்று கேட்டால், ‘சுருளைச் சுற்றி வர ஓட்டத்துக்கு நேரம் ஆகுது சார்’ என்ற பதில் வரும். ‘பின்தங்கும்’ என்ற சொல் செய்யும் வேலை இது.

வீட்டு மின்சாரம் திசை மாறும் வேகத்தில், சுருளின் ஒரு முனையில் நுழையும் ஓட்டம் அதே கணத்தில் மறுமுனையில் வெளியேறுகிறது. மின்தூண்டியின் மின்னழுத்தம் ஓட்டத்தின் அளவைப் பொறுத்ததல்ல, அது மாறும் வேகத்தைப் பொறுத்தது. ஊஞ்சலைப் பாருங்கள். கோடிக்குப் போனதும் ஒரு கணம் நிற்கிறது. நடுவைக் கடக்கும்போதுதான் வேகம் அதிகம். ஊஞ்சல் நடுவிலிருந்து விலகியிருக்கும் தூரம் ஓட்டம் என்றால், அதன் வேகம் மின்னழுத்தம். ஓட்டம் உச்சியில் இருக்கையில் மின்னழுத்தம் பூஜ்யம். ஓட்டம் பூஜ்யத்தைக் கடக்கையில் மின்னழுத்தம் உச்சம். இந்தக் கால் சுற்றுதான் 90 டிகிரி. 50 ஹெர்ட்ஸில் 5 மில்லிநொடி.

எல்லாச் சுருளுக்கும் 90 என்று எழுதிவிடுவதும் தவறு. செம்புக் கம்பிக்கும் மின்தடை உண்டு. 1 ஹென்றி (தூண்டலின் அலகு) சுருளின் மின்மறுப்பு, அதாவது மாறும் ஓட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 50 ஹெர்ட்ஸில் 314 ஓம். கம்பியின் தடை 30 ஓம் என்றால் கோணம் ஏறக்குறைய 84.5 டிகிரிதான். சதுர அலை கொடுத்தாலோ ஓட்டம் முக்கோணமாக ஏறி இறங்கும், 90 டிகிரி கணக்கு அங்கே செல்லாது.

பழைய சோக் வைத்த 40 வாட் டியூப் லைட்டில் டியூபின் குறுக்கே நூறு வோல்ட்டுக்குச் சற்று மேல், சோக்கின் குறுக்கே இருநூறுக்குப் பக்கத்தில். கூட்டினால் 300, வருவதோ 230. மீட்டர் கெட்டுவிடவில்லை. இரண்டின் உச்சமும் ஒரே நேரத்தில் வராததால் நேராகக் கூட்டக் கூடாது.

அப்புறம், கல்லூரி ஆய்வகத்தில் நானே விழுந்த குழி. 6 வோல்ட் டிரான்ஸ்பார்மர், சுருள், தொடரில் 10 ஓம் மின்தடை. மின்தடையின் மின்னழுத்தம் ஓட்டத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், திரையில் ஓட்டத்தைக் காட்டுவது அதுதான். ஆசிலோஸ்கோப் என்பது மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி. அதன் இரண்டு சேனலின் கிரவுண்ட் கிளிப்பையும் சுருளும் மின்தடையும் சேரும் இடத்தில் மாட்டினேன். திரையில் ஓட்டம் முந்தியது! ரெக்கார்டு நோட்டிலும் அப்படியே எழுதிவிட்டேன். நடுவில் கிரவுண்ட் வைத்தால் ஒரு சேனல் தலைகீழாகத் தெரியும். அந்த அலையைத் திருப்பிக் காட்டும் இன்வர்ட் பட்டனை அழுத்த வேண்டும். சந்தேகமாக இருந்தால் சுருளைக் கழற்றி அங்கே இன்னொரு மின்தடையை மாட்டுங்கள். இரண்டு அலையும் சேர்ந்து ஏறாமல் ஒன்று ஏற ஒன்று இறங்கினால், கோளாறு கிளிப்பில்தான்.