மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேடு மட்டும் போதாது

சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் படுக்கையறை தகிக்கிறதா? முதலில் மேற்கு ஜன்னலைப் பாருங்கள்.

வீடு கட்டும்போது நான்கு பக்கமும் ஒரே அளவில் சன்ஷேடு போட்டுவிடுகிறார்கள். தெற்குப் பக்கம் அது நன்றாகவே வேலை செய்யும்; உச்சி வெயில் உயரத்திலிருந்து விழுகிறது. மேற்கில் அப்படியில்லை. சூரியன் 30 டிகிரிக்கு இறங்கிவிட்டால், 2 அடி சன்ஷேடின் நிழல் ஏறக்குறைய ஓர் அடிதான் கீழே இறங்கும். 4 அடி ஜன்னலில் மீதி முழுக்க வெயில்தான்.

உள்ளே கெட்டித் திரை போட்டால் கண்கூச்சம் போகும், சூடு அவ்வளவாகக் குறையாது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சூடாக்கும். அந்தச் சூடு அறைக்குள்தான் இறங்கும்.

அதனால் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துங்கள். சொந்த வீடென்றால் ஜன்னலுக்கு முன்னால் செங்கல் ஜாலி, அதாவது இடைவெளி விட்டு அடுக்கிய துளைச் சுவர், வைக்கலாம். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஜாலிச் சுவர்கள் இதற்கு அருமையான உதாரணம்: வெயில் துண்டு துண்டாக உடைந்துதான் உள்ளே வரும், காற்றுக்குத் தடையே இல்லை. புது வீடென்றால் படிக்கட்டையும் குளியலறையையும் மேற்குப் பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

வாடகை வீடா? சுருட்டி ஏற்றக்கூடிய மூங்கில் திரை போதும். அதை ஜன்னலை ஒட்டிக் கட்டாமல் சன்ஷேடின் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். இடையில் சேரும் சூடு காற்றோடு வெளியேறிவிடும். அகலம் மட்டும் ஜன்னலைவிட இருபுறமும் ஓர் அடி கூடுதலாக இருக்கட்டும், வெயில் பக்கவாட்டிலும் நுழையும்.