தீபாவளிக்கு முன்பே வாடிக்கையாளரின் போனுக்குள் போவது எப்படி? சிறிய ஜவுளிக்கடைகளுக்கான செய்முறை

மணப்பாறையில் எங்கள் மாமா ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். தீபாவளி நெருங்கினால் ஊர்க்காரர்கள் பலர் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய், என்.எஸ்.பி. ரோட்டிலும் தெப்பக்குளத்தைச் சுற்றியும் துணி எடுத்து வருவார்கள். அது பழைய போட்டி. புதுப் போட்டி போனில் இருக்கிறது. பிளிப்கார்ட் தன் முதல் பிக் பில்லியன் டேஸ் விற்பனையை 2014 அக்டோபரில் நடத்தியது. இப்போது அவர்களும் அமேசானும் பண்டிகைக்கு வாரக்கணக்கில் முன்பே ஆரம்பித்துவிடுகிறார்கள். எந்தக் கடையில் எடுப்பது என்பது, ராத்திரி சாப்பிட்டு முடித்துப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டில் முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் நம் கடைத் துணியும் அந்தப் போனில் தெரிய வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. மாமா கடைக்கு நான் செய்து கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். போனில் ஒரு செயலியை நிறுவத் தெரிந்தால் போதும்.

முதலில் தனி நம்பர்

கடைக்கென்று ஒரு சிம் வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். இலவசம்தான். சாதாரண வாட்ஸ்அப்பும் இதுவும் ஒரே போனில் வெவ்வேறு நம்பரில் ஓடும். ஆனாலும் தனி போன் வைப்பதே நல்லது என்பேன். பழைய போன் போதும். அது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், முதலாளி சாப்பிடப் போகும்போது கூடப் போகக் கூடாது. கடைப்பெயர், முகவரி, திறக்கும் நேரம், கடையின் முன்பக்கப் போட்டோ எல்லாவற்றையும் ப்ரொஃபைலில் நிரப்புங்கள். கையோடு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலிலும் கடையைப் பதிவு செய்து, பண்டிகை நாட்களுக்கான சிறப்பு நேரத்தைக் குறித்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கும் கடை திறந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும், கூகுளுக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.

நம்பரை சேவ் பண்ண வைப்பது (இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்)

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறது. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். நாங்களும் லிஸ்ட் போட்டு, புதுப் பாவாடை சட்டைப் படங்களை அனுப்பினோம். கடைக்கு வந்தவர்களைக் கேட்டால், பாதிப் பேர் எதுவுமே வரவில்லை என்றார்கள். நெட் சரியில்லையோ, போன் பழசோ என்று குழம்பிக் கிடந்தோம்.

காரணம் இதுதான்: உங்கள் நம்பரைத் தன் போனில் சேவ் செய்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். நீங்கள் அவர் நம்பரை வைத்திருப்பது மட்டும் போதாது. கண்ட விளம்பரமும் மக்களிடம் போய்க் குவியாமல் இருக்க வாட்ஸ்அப் வைத்த வேலி அது. யோசித்துப் பார்த்தால் நல்ல வேலிதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. செயலியில் உங்கள் கடைக்கான கியூஆர் கோடு கிடைக்கும். அதை அச்சடித்துக் கல்லாவில் ஒட்டினால், வாடிக்கையாளர் ஸ்கேன் செய்ததும் உங்களோடு சாட் திறக்கும். "வணக்கம்" என்று அனுப்பியும் விடுவார். ஆனால் சாட் திறந்தாலே நம்பர் சேவ் ஆகிவிடாது! இது தெரியாமல் கியூஆர் கோட்டை மட்டும் நம்பியிருக்கும் கடைகள் ஏராளம்.

சரி, எப்படிச் செய்வது? பில் போடும் நேரம்தான் சரியான நேரம். பையில் துணியை வைத்துக்கொண்டே கேளுங்கள்: "அக்கா, கடை நம்பரை சேவ் பண்ணிக்கிறீங்களா? புது டிசைன் வந்ததும் போட்டோ அனுப்புறோம், வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்திடுறோம்." அவர் சரி என்றதும் கியூஆர் கோட்டை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அவருடைய "வணக்கம்" வந்தவுடன், கடையின் நம்பரையே ஒரு காண்டாக்ட் கார்டாக அவருக்கு அனுப்புங்கள். அதைத் தொட்டு, சேர் என்ற பட்டனை அழுத்தினால் முடிந்தது. எண்ணைத் தட்டச்சு செய்யும் வேலையே இல்லை. வயதானவர் என்றால், அவர் அனுமதியோடு நீங்களே அழுத்திக் கொடுங்கள். கார்டில் கடைப்பெயருக்குப் பக்கத்தில் "துணிக்கடை மணப்பாறை" என்பதுபோல ஊரையும் சேர்த்து வையுங்கள். கடைப்பெயர் மறந்தாலும் "துணி" என்று தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் பக்கம் அவரைச் சேமிக்கும்போது வெறும் பெயர் வேண்டாம். "லட்சுமி அக்கா, வையம்பட்டி, 2 பெண் குழந்தை" என்று இருந்தால், பிறகு யாருக்கு எதை அனுப்புவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. பிராட்காஸ்ட் அனுப்பிய மறுநாள் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, இன்ஃபோ பக்கத்தைத் திறங்கள். யாருக்குப் போனது, யார் படித்தார்கள் என்று பெயர்கள் வரும். அதில் இல்லாதவர்கள் பெரும்பாலும் சேவ் செய்யாதவர்கள். அடுத்த முறை கடைக்கு வரும்போது அவர்களிடம் பேசிக்கொள்ளலாம்.

க்ரூப் வேண்டாம்

"இதற்கு ஒரு க்ரூப் ஆரம்பித்தால் போதுமே" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். க்ரூப்பில் இருக்கும் ஒவ்வொருவரின் நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரியும். நம் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம்மை நம்பிக் கொடுத்த நம்பரை முன்பின் தெரியாதவர்கள் பார்க்கும்படி வைப்பது பெரிய தப்பு. யாரோ அர்த்தராத்திரியில் "ஹாய்" என்று அனுப்பினால், அந்த அக்கா நம் கடைப் பக்கமே வரமாட்டார். ஒருவருடைய விவரத்தை அவர் சம்மதத்தோடுதான் பயன்படுத்த வேண்டும் என்று 2023-இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் முறை.

அதேபோல, லட்சம் பேருக்கு மெசேஜ் அனுப்பித் தருகிறோம் என்று வரும் சாஃப்ட்வேர்களைத் தொடவே தொடாதீர்கள். மெசேஜ் வந்தவர்கள் பிளாக் செய்து புகார் கொடுத்தால் உங்கள் நம்பரையே வாட்ஸ்அப் முடக்கிவிடும். தீபாவளி வாரத்தில் நம்பர் போனால் யாரிடம் போய் அழுவது?

எஸ்எம்எஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண சிம்மிலிருந்து விளம்பர எஸ்எம்எஸ் அனுப்ப டிராய் விதிகள் அனுமதிப்பதில்லை. 1909-க்குப் புகார் போனால் இணைப்பே துண்டிக்கப்படலாம். முறையாக அனுப்ப வேண்டுமென்றால் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் கடையையும், அனுப்புநர் பெயரையும், செய்தியின் வாசகத்தையும் பதிவு செய்ய வேண்டும். பல கிளைகள் உள்ள கடைகளுக்கு அது சரிப்படும். ஒற்றைக் கடைக்கு அந்த அலைச்சல் தேவையில்லை என்பது என் கருத்து.

போட்டோ

போன் கேமராவே போதும். காலை பத்து மணிக்குக் கடை வாசல் பக்கம் வரும் வெளிச்சத்தில், வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் துணியை வைத்து எடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் மெரூன் வேறு நிறமாகத் தெரியும். ஃபில்டர் போடவே கூடாது. போட்டோவில் பார்த்த நிறம் கையில் இல்லையென்றால் அதோடு நம்பிக்கை போய்விடும். பார்டர் தெரிய ஒரு படம், முழுத் துணியும் தெரிய ஒரு படம். குழந்தைகள் துணிக்கு மட்டும் பக்கத்தில் ஒரு இஞ்ச் டேப்பை நீட்டி வைத்து எடுங்கள். "அஞ்சு வயசுக்கு என்ன சைஸ்?" என்ற கேள்விக்கு அந்த ஒரு படமே பதில். அகல்விளக்கும் மத்தாப்பும் போட்ட வாழ்த்து அட்டைகளில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அவை எல்லார் போனிலும் நிரம்பி வழிகின்றன.

செயலியில் உள்ள கேட்டலாக்கில் அதிகம் போகும் துணிகளை மட்டும் விலையோடு ஏற்றுங்கள். விலை போடாமல் "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று எழுதினால் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். பழைய விலைகளையும் ஒருமுறை சரிபாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு முன் 1000 ரூபாயைத் தாண்டினாலே 12 சதவீதமாக இருந்தது.

எதை எப்போது அனுப்புவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஊரின் பணப்புழக்கத்தோடு போக வேண்டும். 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. டெய்லர்கள் பண்டிகைக்கு முன்பே ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால் ப்ளவுஸ் பிட், சட்டைத்துணி, சுடிதார் மெட்டீரியல் எல்லாம் அக்டோபர் முதல் வாரத்திலேயே போக வேண்டும். அடுத்து, போனஸும் தீபாவளிச் சீட்டுப் பணமும் கைக்கு வரும் சமயத்தில் குழந்தைகள் துணியும் புடவையும். சம்பளம் வந்த பிறகு வரும் பெரிய ஞாயிறு நவம்பர் 1, அதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு செய்தி கண்டிப்பாகப் போக வேண்டும். ஆண்கள் கடைசியில்தான் எடுப்பார்கள். வேட்டி சட்டையும் பனியனும் கடைசி நாலு நாளுக்கு.

வாரத்துக்கு ஒரு செய்தி, கடைசி வாரத்தில் மட்டும் இரண்டு. ராத்திரி எட்டு மணி வாக்கில் அனுப்புங்கள். மற்ற நாட்களில் ஸ்டேட்டஸ் வைத்தால் போதும், விரும்பியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். செய்தி இவ்வளவு இருந்தால் போதும்:

"வணக்கம் அக்கா. 2 முதல் 8 வயசு வரை பட்டுப்பாவாடை வந்திருக்கு. விலை 650-லிருந்து. பிடிச்ச படத்தைத் திருப்பி அனுப்புங்க, எடுத்து வைக்கிறோம். செய்தி வேண்டாம்னா 'வேண்டாம்'னு அனுப்புங்க."

"வேண்டாம்" என்று வந்தால் அன்றைக்கே லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள். படிப்பதைவிடக் கேட்பது எளிது என்பவர்களுக்கு மாமா தன் குரலிலேயே பேசி அனுப்புகிறார். அதற்குத்தான் அதிகம் பதில் வருகிறது.

எடுத்து வைப்பதும் பணமும்

ஒரே துணியை இரண்டு பேர் கேட்பார்கள். செயலியில் சாட்டுக்குக் குறி வைக்கும் லேபிள் வசதியில் "எடுத்து வைத்தது", "பணம் வந்தது", "கொடுத்தாச்சு" என்று மூன்று வைத்துக்கொள்ளுங்கள். 200 ரூபாய் முன்பணம் யுபிஐ-யில் வந்தால்தான் தனியாக வைப்பது, இல்லையென்றால் அன்று சாயங்காலம் வரைதான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "சைஸ் இருக்கா", "கடை எத்தனை மணி வரை" போன்ற கேள்விகளுக்குக் குவிக் ரிப்ளையில் பதிலை எழுதி வைத்தால் கூட்ட நேரத்தில் கை கொடுக்கும். ஊருக்குள் என்றால் கடைப் பையன் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுக் கடைக்காரர்கள் சிலர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: பணம் அனுப்பியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் வருகிறது, கூட்ட நேரத்தில் அதை நம்பித் துணியைக் கொடுத்துவிடுகிறோம் என்று. ஸ்கிரீன்ஷாட்டைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். சவுண்ட்பாக்ஸ் சொல்ல வேண்டும், அல்லது உங்கள் வங்கிச் செயலியில் தொகை ஏறியிருக்க வேண்டும். அப்புறம்தான் "பணம் வந்தது" லேபிள். போனில் யார் பதில் சொல்கிறார்களோ அவர்களிடமே இதைப் பார்க்கும் பொறுப்பையும் கொடுத்துவிடுங்கள். இரண்டு ஆள் மாறினால் அங்கேதான் தவறும்.