கதவுகள் திறக்கப்பட்டதா, திறக்கப்பட்டனவா? எழுத்தில் தவிர்க்க வேண்டிய இயைபுத் தவறுகள்

மாரிமழையில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிரம்பும் நாட்களில் "வான்கதவுகள் திறக்கப்பட்டது" என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். எழுவாய் பன்மையாக இருப்பதால் அது "திறக்கப்பட்டன" என்றே முடிய வேண்டும். பேச்சில் "மாடெல்லாம் வயலுக்கை இறங்கிட்டுது" என்கிறோம். பேச்சுத் தமிழ் ஒன்றன்பாலையும் (அஃறிணை ஒருமை) பலவின்பாலையும் (அஃறிணைப் பன்மை) ஒரே விகுதியால் முடிப்பதால் அதில் குறையில்லை. எழுத்துத் தமிழ் இரண்டையும் இன்றும் பிரித்தே வைத்திருக்கிறது.

நன்னூல் என்னும் இலக்கண நூல் கூறும் ஏழு வழுக்களில் (பிழைகளில்) திணையும் பாலுமே முன்னிற்கின்றன. கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பொன்றுக்காக நான் திருத்திக்கொடுத்த கடிதத்தில் "இருபது குடும்பங்கள் பாதிக்கப்பட்டுள்ளனர்" என்றிருந்தது. எழுதியவரின் மனத்தில் மனிதர்கள் நின்றார்கள். தாளில் நின்றதோ "குடும்பங்கள்" என்னும் அஃறிணைப் பெயர். "குடும்பங்கள் பாதிக்கப்பட்டுள்ளன" என்றோ, "இருபது குடும்பங்களைச் சேர்ந்தோர் பாதிக்கப்பட்டுள்ளனர்" என்றோ எழுதலாம். மனிதரின் இழப்பைச் சொல்லும் கடிதத்துக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது என் எண்ணம். அந்தக் கடிதத்திலும் அதையே எழுதினேன்.

நீண்ட வாக்கியங்களில் இத்தவறு பெருகுவதற்குக் காரணம் உண்டு. "வந்த மாடு", "வந்த மாடுகள்", "வந்த கமக்காரர்" ஆகிய மூன்றிலும் "வந்த" என்னும் பெயரெச்சம் மாறுவதில்லை, "வந்து" போன்ற வினையெச்சமும் அப்படியே. ஆகவே திணை, பால், எண் ஆகியவற்றைக் காட்டும் முழுச் சுமையும் இறுதியில் வரும் வினைமுற்றின்மேல் விழுகிறது; அதற்குள் எழுவாய் நினைவிலிருந்து நழுவிவிட, வாக்கியத்தில் உள்ள வேறொரு பெயர் வினையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. "வாய்க்கால்களில் ஒன்று உடைந்தன" என்பதில் எழுவாய் "ஒன்று" என்பதால் "உடைந்தது" என்பதே சரி. "கமக்காரர்களுக்கு விதைநெல் மூட்டைகள் தேவைப்படுகின்றனர்" என்பதில் "கு" உருபை ஏற்ற கமக்காரர் எழுவாய் ஆகார். உருபேற்காமல் நிற்கும் மூட்டைகளே எழுவாய், எனவே "தேவைப்படுகின்றன". "கமக்காரர்களால் விண்ணப்பங்கள் கையளிக்கப்பட்டன" என்பதும் இவ்வாறே. எழுதி முடித்ததும் கடைசி வினையிலிருந்து பின்னோக்கிச் சென்று "யார்? எது? எவை?" என்று கேட்டுப் பார்த்தால் எழுவாய் பிடிபட்டுவிடும்.

வினையெச்சத்திலும் கவனம் வேண்டும். "குளக்கட்டில் நின்று பார்த்து, தண்ணீர் வயலுக்குள் புகுந்தது" என்றால், பார்த்தது தண்ணீர் என்றாகிவிடும். "நான் குளக்கட்டில் நின்று பார்த்தபோது" என்று எழுத வேண்டும். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்பதிலும் எழுவாய்கள் இரண்டுதான். ஆனால் மழை காரணமாகவும் நிறைதல் அதன் காரியமாகவும் நிற்பதால், அந்தத் தொடரை மரபு ஏற்றுக்கொள்கிறது.