பாடம் முடிந்தபின் பத்து நிமிடம்

பாடக்குறிப்பேடு எழுதாத ஆசிரியர் எந்தப் பள்ளியிலும் இருக்க மாட்டார். அது நடத்தப்போகும் பாடத்துக்கானது. நடத்தி முடித்த பாடத்தைப் பற்றி எழுதுவதற்கென்று என்னிடம் இன்னொரு நோட்டு இருக்கிறது. நடுநிலைப் பள்ளியில் கணக்கு நடத்தத் தொடங்கி 13 ஆண்டுகள் கழித்துத்தான் அதை ஆரம்பித்தேன். பணியில் சேர்ந்த முதல் ஆண்டே எழுதியிருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு அந்த வருத்தம் வேண்டாம் என்பதற்காக, நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

சாதாரணக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் மட்டும் எழுதாதீர்கள். அதைத் தலைமை ஆசிரியர் பார்ப்பார், ஆய்வுக்கு வருபவர்கள் பார்ப்பார்கள். பிறர் பார்ப்பார்கள் என்று தெரிந்துவிட்டால் கை உண்மையை எழுதத் தயங்கும். பிள்ளைகளின் பெயரை முழுதாக எழுதாமல் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் ஆறேழு பாடவேளை இருக்கலாம். எல்லாவற்றையும் எழுத முயன்றால் இரண்டே வாரத்தில் விட்டுவிடுவீர்கள். ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மனத்தை உறுத்திய வகுப்பாகவும் இருக்கலாம், எதிர்பாராமல் நன்றாக அமைந்த வகுப்பாகவும் இருக்கலாம். கடைசி மணி அடித்தபின் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் அமர்ந்து எழுதுவது என் வழக்கம். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று வைத்தால், பிள்ளை சொன்ன சொல் மறந்துபோய் நம்முடைய அபிப்பிராயம் மட்டுமே மிஞ்சும்.

எழுதும்போது எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடமும் இதுதான். என் நோட்டின் தொடக்கப் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது: "ஆறாம் வகுப்பு. பின்னங்கள். பிள்ளைகள் சரியாகக் கவனிக்கவில்லை. மீண்டும் நடத்த வேண்டும்." இதை வைத்துக்கொண்டு மறுநாள் எதையும் மாற்ற முடியாது. தீர்ப்பு இருக்கிறது, நடந்தது இல்லை. ஒரு மாதம் கழித்து எழுதிய பக்கம் இது:

"1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். 34 பேரில் 21 பேர் 1/4 என்று கை தூக்கினார்கள். ஏன் என்றேன். செ. சொன்னான்: மூன்றைவிட நான்குதானே பெரியது, டீச்சர். உடனே பகுதிகளைச் சமமாக்கி 4/12, 3/12 என்று கரும்பலகையில் போட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு 1/5, 1/8 கேட்டேன். பாதிப் பேர் 1/8 என்றார்கள்."

எழுதி முடித்து ஒருமுறை படித்ததும் சுருக்கென்றது. அவன் காரணம் சொல்லியிருக்கிறான், நான் அதைத் தொடவே இல்லை. தெரிந்த முறையைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். வகுப்பில் நின்றபோது நன்றாக விளக்கியதாகத்தான் தோன்றியது. செயலின் நடுவே சிந்திப்பதும் செயல் முடிந்தபின் திரும்பிப் பார்த்துச் சிந்திப்பதும் வெவ்வேறு என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் டொனால்ட் ஷோன் 1983இல் எழுதினார். அந்த வேறுபாடு எனக்குப் புரிந்தது அந்த மாலையில்தான்.

மறுநாள் 24 செ.மீ. நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டிக்கொண்டு போனேன். மூன்றாக மடிப்பது பிள்ளைகளுக்குக் கடினம், 24 என்றால் அளவுகோலால் 8 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். நான்கு பங்குக்கு 6 செ.மீ. முந்தின நாள் காரணம் சொன்ன செ. இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சற்று நேரம் பார்த்தான். "பங்கு கேட்கிற ஆள் கூடினால் துண்டு சிறுத்துப்போகும்" என்றான். அந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதி வைத்தேன். இன்றுவரை அதைச் சொல்லித்தான் பின்னம் தொடங்குகிறேன்.

ஆகவே எழுதும்போது மூன்று கேள்விகளை விடாதீர்கள்: யார் என்ன சொன்னார்கள், அப்போது நான் என்ன செய்தேன், நாளை எந்த ஒன்றை மாற்றப்போகிறேன்? மூன்றாவது கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் எழுத வேண்டும். கோபப்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதோடு சேர்த்து.

சொற்களால் பிடிபடாத சிலவற்றைப் படம் காட்டிக்கொடுக்கும். வகுப்பில் பிள்ளைகள் அமரும் வரிசையை நோட்டில் வரைந்து, யார் பதில் சொல்கிறார்களோ அவர்கள் இடத்தில் ஒரு கோடு போட்டு வந்தேன். இரண்டு வாரத்தில் முன்வரிசைக் கட்டங்கள் கோடுகளால் நிறைந்துவிட்டன. ஜன்னலோரப் பின்வரிசையில் ஆறு பேர், ஒரு கோடுகூட இல்லை. அவர்களுக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார், அதை மூன்று நொடியாக்கினால் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்று அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் கண்டறிந்து சொன்னார். நான் கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் ஐந்துவரை எண்ணத் தொடங்கினேன். அந்த மௌனம் முதலில் தாங்க முடியாததாக இருந்தது. நான்காம் நாள் ஜன்னலோரத்திலிருந்து ஒரு கை எழுந்தது.

மாதக் கடைசியில் சிவப்புப் பேனாவோடு அமர்ந்து மொத்தத்தையும் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொல்லை அடிக்கோடிடுங்கள். எனக்கு ஒரு மாதத்தில் "நேரம் போதவில்லை" 11 முறை வந்திருந்தது. அவற்றில் 9 நாட்கள் வீட்டுப்பாடம் திருத்துவதில் வகுப்பைத் தொடங்கிய நாட்கள். திருத்துவதைக் கடைசிக்குத் தள்ளினேன், அந்தப் புலம்பல் பெரும்பாலும் நின்றது. முடிந்தால் நம்பிக்கையான சக ஆசிரியர் ஒருவரிடம் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அறிவுரை வேண்டாம், கேள்வி மட்டும் கேளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பாடத்தின் பெயரை மேல் ஓரத்தில் பெரிதாக எழுதியிருந்தால் அடுத்த ஆண்டு அதே பாடத்துக்கு முந்தின மாலை உடனே எடுத்துவிடலாம். என் பின்னங்கள் பக்கத்தின் அடியில் இவ்வளவுதான் இருக்கிறது: "பட்டைகள் 80 வெட்டவும். ஆளுக்கு இரண்டு, சில கிழிகின்றன."