வாதப் போலிகளை இனங்காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில மாதங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தெருநாய்களைப் பற்றி ஒரு விவாதம் மூண்டது. நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் விதி என்று இரண்டாம் மாடியில் வசிக்கும் ஓர் அம்மையார் எழுதினார். அடுத்த நிமிடமே, "அப்படியானால் குழந்தைகள் கடிபட்டால் பரவாயில்லை என்கிறீர்கள், அப்படித்தானே மேடம்?" என்று கீழ்த்தளத்து அண்ணாச்சி பதில் போட்டார். எதிராளி சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக வைத்துக்கொண்டு அதை அடித்து வீழ்த்தும் இந்த உத்தியை வைக்கோல் பொம்மை வாதம் என்பார்கள். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் உடனே "அங்கிள், இது ஸ்ட்ரா மேன்" என்று சுட்டிக்காட்டினான். அவன் சொன்னது சரி. ஆனால் அதற்குப் பின் நாய்களைப் பற்றி யாரும் பேசவில்லை. எது ஸ்ட்ரா மேன், எது இல்லை என்பதிலேயே இரவு 11 மணி ஆகிவிட்டது.

இத்தகைய பிழைகளுக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: போலி. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை இலக்கணத்தை, அதாவது தருக்க முறையை, விளக்கும்போது பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வகுத்து, பக்கப்போலியில் மட்டும் 9 வகைகளை அடுக்குகிறார். பக்கம் என்பது நிறுவ வந்த கூற்று, ஏது அதற்கான காரணம், திட்டாந்தம் எடுத்துக்காட்டு. காரணம் போலத் தோன்றிக் காரணமாகாமல் நிற்பதே ஏதுப்போலி. அந்தப் 'போல' என்ற சொல்லை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. போலி, நல்ல வாதத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. ஆகவே சட்டையை மட்டும் பார்த்துப் பிடிப்பவர் நல்ல வாதத்தையும் சேர்த்தே வெளியே தள்ளிவிடுகிறார். இணையத்தில் போலி வாதங்கள் எவ்வளவு மலிந்திருக்கின்றனவோ, ஏறக்குறைய அவ்வளவு இந்தத் தவறான கைதுகளும் மலிந்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

வசவையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் பத்து வரியில் காரணம் காட்டிவிட்டுக் கடைசியில் "உமக்கெல்லாம் இது எங்கே புரியப் போகிறது" என்று முடித்தால் அது பண்பற்ற பேச்சுதான். ஆனால் ஆளைத் தாக்கும் வாதப் போலி ஆகாது. காரணம் இருக்க வேண்டிய இடத்தில் வசவு வந்து உட்கார்ந்தால்தான் போலி. அந்த வசவை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒருவருடைய ஆதாயத்தை விசாரிப்பதும் எப்போதும் தவறன்று. மனை வாங்கச் சொல்லும் தரகரிடம் "இதில் உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?" என்று கேட்பவரை யாரும் குறை சொல்வதில்லை. 1994 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஏழு புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, நிக்கோட்டின் மனிதரை அடிமையாக்கும் என்று தாங்கள் நம்பவில்லை என்றார்கள். பேசுகிறவர்கள் யார் என்பதை மறந்துவிட்டு அதைக் கேட்டிருக்க முடியுமா? ஒருவர் தம் சொல்லை மட்டுமே சான்றாக வைக்கும்போது அவர் நம்பத்தக்கவரா என்று கேட்பது விவாதத்துக்கு உட்பட்டதே. அவர் அளவீடுகளையும் ஆவணங்களையும் எடுத்து வைத்துவிட்ட பிறகும் அவருடைய சம்பளத்தையே பேசிக்கொண்டிருந்தால், போலி நம் பக்கம் வந்துவிடுகிறது.

ஒன்றன் பின் ஒன்று நடந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் என்று கொள்ளும், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதைவிடச் சிக்கலானது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார்; மறுநாள் மாரடைப்பு வந்தது; 17ஆம் தேதி அதிகாலையில் காலமானார். அந்த வாரம் முகநூலைத் திறந்தவர்கள் அங்கே நடந்த சண்டையை மறந்திருக்க மாட்டார்கள். "ஊசி போட்டார், இறந்தார், இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?" என்றது ஒரு தரப்பு, "காக்கையும் பனம்பழமும்" என்று எள்ளியது மறுதரப்பு. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முக்கியக் குழாய் முழுவதுமாக அடைபட்டிருந்ததாக மருத்துவர்கள் தெரிவித்தார்கள். மரணத்துக்குத் தடுப்பூசி காரணமன்று என்று மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் பின்னர் முடிவு செய்தது. முதல் தரப்பின் முடிவு தவறு என்பது இவ்வாறு தெளிவாயிற்று. ஆயினும் எந்த விவரமும் வரும் முன்பே எள்ளியவர்களின் கையில் மட்டும் என்ன இருந்தது?

அதே ஏப்ரல் 7ஆம் தேதி, அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசி போட்டுக்கொண்ட சிலருக்குத் தட்டணுக்கள் குறைந்து இரத்தம் உறைவதை மிக அரிதான பக்கவிளைவாகச் சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை அறிவித்திருந்தது. அங்கும் தொடக்கம் "ஊசிக்குப் பிறகு நடந்தது" என்ற அதே சந்தேகம்தான். சந்தேகித்தவர்கள் அடுத்து எதைக் கேட்டார்கள் என்பதில்தான் வேறுபாடு. லட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு வாரத்தில், ஊசியே இல்லாவிட்டாலும் அவர்களில் சிலருக்கு மாரடைப்பு வந்தே தீரும். ஆகவே ஊசிக்குப் பின் எத்தனை பேருக்கு வந்தது என்பதை, வழக்கமாக அதே வயதினரில் எத்தனை பேருக்கு வரும் என்பதோடு ஒப்பிட்டாக வேண்டும். அந்த இரத்த உறைவு வழக்கத்துக்கு மாறான வடிவில், எதிர்பார்த்த எண்ணிக்கையை மீறி வந்ததால் பிடிபட்டது. முதலில் சந்தேகித்த மருத்துவர்களையும் பனம்பழக் கதை சொல்லி வாயடைத்திருந்தால் பிடிபட்டிருக்காது.

அவசரப் பொதுமைப்படுத்தலுக்கு நம் பழமொழி ஒன்றே துணைக்கு அழைக்கப்படுகிறது. "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று சொல்லி, ஓர் ஆட்டோ ஓட்டுநரைக் கொண்டு ஊரையும், ஓர் ஆசிரியரைக் கொண்டு அரசுப் பள்ளிகள் அனைத்தையும் எடைபோடுகிறார்கள். பழமொழியில் குறையில்லை. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ, கரண்டியால் அடிவரை கிளறியும் விட்டாயிற்று. அதனால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். ஊர் மக்கள் ஒரே உலையில் வெந்தவர்கள் அல்லர். ஆனால் "நம் தெருவில் நாய் யாரையும் கடித்ததே இல்லை" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், ஒரே ஒரு குழந்தைக்கு ஊசி போட்ட சீட்டு அதை முறித்துவிடும். அங்கே போய் "ஒரு சம்பவத்தை வைத்துப் பொதுமைப்படுத்தாதீர்கள்" என்பது செல்லாது; பொதுமைப்படுத்தியவர் சீட்டைக் காட்டியவர் அல்லர்.

நிபுணரை மேற்கோள் காட்டுவதே போலி என்று நினைப்பவர்களும் உண்டு. இதய மருத்துவர் இதயத்தைப் பற்றிச் சொல்வதை நம்புவதில் பிழையில்லை. பிழை, துறை மாறும்போது நுழைகிறது. 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், வைட்டமின் சி அதிக அளவில் உட்கொண்டால் சளி பிடிக்காது என்று பின்னாளில் வாதிட்டார். சாதாரண மக்களிடம் நடந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. "இன்று இதற்கு இடம் கொடுத்தால் நாளை அது நடக்கும்" என்னும் வகை வாதத்தில், இன்றிலிருந்து நாளைக்குப் போகும் படிகளை அப்படிச் சொல்பவர் காட்டுகிறாரா என்று பார்த்தால் போதும். "நீ மட்டும் யோக்கியமா?" என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

போலியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. நானே பலமுறை செய்திருக்கிறேன். பூமி உருண்டை என்பதற்கு "எங்கள் வாத்தியார் சொன்னார்" என்று ஒருவன் காரணம் சொன்னால், அந்தக் காரணம் போதாது என்று காட்டலாம். அதனால் பூமி தட்டையாகிவிடாது. ஒரு தூணைச் சாய்த்தவர் கூரையும் விழுந்துவிட்டதாக அறிவிப்பதற்கு முன், வேறு தூண்கள் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். "உங்கள் வாதம் போலி" என்பதற்கும் "நீங்கள் சொல்வது தவறு" என்பதற்கும் இடையிலுள்ள இந்தத் தொலைவை, கருத்துப் பெட்டியில் தட்டச்சு செய்யும் வேகத்தில் யாரும் நடந்து கடப்பதில்லை.

எங்கள் குழுவுக்கே திரும்புகிறேன். நன்னூலில் பவணந்தியார் எழுவகை மதங்களை, அதாவது நூல் செய்பவர் பிறர் கருத்தையும் தம் கருத்தையும் கையாளும் ஏழு வழிகளை, சொல்லும்போது மூன்றாவதாக வைப்பது 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு'. பிறர் கொள்கையை முதலில் உள்ளபடி எடுத்துக்கொண்டு, அதன் பிறகே மறுப்பது என்று பொருள். மறுநாள் காலை அதை முயன்று பார்க்கத் தோன்றியது. "அண்ணாச்சி, நாய்களுக்குக் கருத்தடை செய்வதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை, குழந்தைகளின் பாதுகாப்புக்கு வழி சொல்லாமல் விடுவதில்தான் ஆட்சேபம் என்று புரிந்துகொள்கிறேன், சரியா?" என்று எழுதினேன். பதில் குரல்பதிவாக வந்தது: "தம்பி, கருத்தடை வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்? மாடிப்படிக்குக் கீழ சோத்துத் தட்டு வைக்காதீங்கன்னுதான் சொல்றேன். எம் பேத்தி அந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போகணும்."

அந்த அம்மையார் மேற்கோள் காட்டிய அதே 2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகள், உணவிடும் இடம் மாடிப்படி, நுழைவாயில், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. அவர் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, அன்று மாலையே தட்டை மோட்டார் அறைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.