போர்க்காலக் காதலை சர்க்கஸில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிருகங்கள் இல்லாமல், உடலையும் கதையையும் நம்பி நடக்கும் நவீன சர்க்கஸில் போரைத் தொடும் காட்சிகள் இப்போது நிறைய வருகின்றன. 2022க்குப் பிறகு உக்ரைன் கலைஞர்கள் பலர் ஐரோப்பிய மேடைகளுக்கு வந்தது அதற்கு ஒரு காரணம். பயிற்சி கொடுக்கப் போகும் இடங்களில் புதியவர்களின் ஒத்திகைகளைப் பார்க்கிறேன். எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். வார்ம்-அப் செய்யாமல் ஏறுவது, கொக்கியைச் சரிபார்க்காமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. அதை எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்லிவிடுவார்.

குண்டுச் சத்தம்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். காதலர் இருவர். ஒருவர் தாங்குபவர், மற்றவர் அந்தரத்தில் சுழன்று அவர் கைக்கு வர வேண்டும். பிடியை விடும் அதே நொடியில் ஒலிபெருக்கியில் குண்டு வெடிக்கும், விளக்கு அணையும். புதியவர்களுக்கு இது பெரிய யோசனையாகத் தெரிகிறது.

ஜோடி சாகசத்தில் பாதி வேலை காதுக்கு. தாங்குபவர் ‘ஹெப்’ என்று குரல் கொடுப்பார். சில ஜோடிகளுக்கு மூச்சு இழுக்கும் சத்தமே போதும். அதை வெடிச்சத்தம் விழுங்கிவிடும். மீதி வேலை கண்ணுக்கு. சுழல்பவர் ஏதோ ஒரு நிலையான புள்ளியைப் பார்த்துத்தான், தான் எங்கே இருக்கிறோம் என்று கணிக்கிறார். விளக்கை அணைத்தால் அந்தப் புள்ளியும் போயிற்று.

ஓர் ஒத்திகையில் அந்த ஒலி கொஞ்சம் முந்திவிட்டது. மேலே இருந்த பெண் திடுக்கிட்டுத் தோளை இறுக்கினாள். தாங்குபவருக்கு மணிக்கட்டுக்குப் பதில் விரல் நுனிதான் கிடைத்தது. கீழே மெத்தை இருந்தும் காறை எலும்பு முறிந்தது. அந்த சீசன் முழுக்கக் காட்சிகள் ரத்து. அப்புறமும் வேறொரு குழு அதே சத்தத்தோடு என்னிடம் வந்து நின்றது.

இன்னொரு நஷ்டம் பார்வையாளர் வரிசையில். ஒரு காட்சியில் முதல் வெடிக்கே, உக்ரைனின் கார்கிவ் நகரிலிருந்து வந்திருந்த ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை. யாருடைய கதையைச் சொல்கிறோமோ அவர்களையே அரங்கை விட்டு விரட்டினால் அந்தக் காட்சி யாருக்காக?

ஒலியை முழுக்க நிறுத்திப் பாருங்கள். வழுக்காமலிருக்க மக்னீசியப் பொடி பூசிய கை, மணிக்கட்டில் ‘டப்’பென்று பதிவது கடைசி வரிசைக்கும் கேட்கும். பிடி தவறினால் அவள் நிஜமாகவே விழுவாள் என்று பார்ப்பவருக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கு மேல் ஒலிபெருக்கி சேர்க்க எதுவும் இல்லை.

பிரிவுக்கு அழுவது

2022 பிப்ரவரியில் ராணுவச் சட்டம் வந்ததும், 18 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் பெரும்பாலோர் உக்ரைனை விட்டு வெளியேற முடியாமல் போனது. கீவ், கார்கிவ் சர்க்கஸ் மாணவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்ட் இடம் கொடுத்தது. இப்படி ஒருவர் உள்ளேயும் மற்றவர் வெளியேயுமாகப் பிரியும்போது ஒரு ஜோடி சாகசமே இல்லாமல் போகிறது. தாங்குபவர் மாறினால் உயரம், கை நீளம், மூச்சு எல்லாமே மாறும். பழகிய சாகசத்தை முதலிலிருந்து கட்ட வேண்டும்.

இதைச் சொல்ல முகத்தில் கண்ணீர் வேண்டியதில்லை. இருவர் செய்ததை ஒருவர் தனியாகச் செய்யட்டும். கையை நீட்டட்டும், முழங்காலை மடக்கி எடைக்குத் தயாராகட்டும். எடை வரவே வராது. ஆனால் அந்த அசைவுகளில் ஒன்றைக்கூட வெட்டாதீர்கள்.

கைதட்டலுக்காக நிற்பது

வேண்டாம். கதை அறுந்துவிடும்.

மேடையில் இடிபாடு

செங்கல் துண்டுகளைக் கொட்டாதீர்கள். கால் இறங்க இடம் வேண்டும்.

சிரிப்பை மருந்தாகக் காட்டுவது

கோமாளி வந்தான், குழந்தைகள் சிரித்தார்கள், போர் மறந்துபோனது என்று முடிக்கும் காட்சிகளைத் தயவுசெய்து கைவிடுங்கள். பாலஸ்தீனத்தின் ரமல்லாவில் 2006இல் தொடங்கி, பிறகு பிர்ஸெய்ட்டுக்கு மாறிய சர்க்கஸ் பள்ளியில் கோமாளியாக நடித்து, பயிற்சியும் கொடுத்த ஒருவரை, 2015 டிசம்பரில் இஸ்ரேல் கைது செய்தது. வழக்கு விசாரணையே இல்லாமல் 2016 ஆகஸ்ட் வரை சிறையில் இருந்தார். போர் அங்கே கோமாளியையும் விட்டுவைப்பதில்லை. ஆனாலும் பயிற்சி நடக்கிறது. பிள்ளைகள் கோலம் போட்ட முகத்தோடு கம்பத்தில் ஏறுகிறார்கள், விழுகிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். காட்ட வேண்டியது அந்தப் பயிற்சியை.

காட்சி பாதி உருவானதும், எந்த ஊர்ப் போரைச் சொல்கிறீர்களோ அந்த ஊர்க்காரர் ஒருவரை ஒத்திகைக்கு அழைத்து உட்கார வையுங்கள். அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் அழைத்தால், அவர் சொல்வதை வைத்து மாற்ற உங்களுக்கு நேரம் இருக்காது.