‘டிசைட்’ என்ற சொல்லை வெட்டிப் பார்ப்போம்

ஆங்கில வினைச்சொல் ஒன்றின் லத்தீன் வேரைத் தேட லத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொற்பிறப்பும் தருகிற அகராதி ஒன்று கையில் இருந்தால் போதும். பழகிப் பார்க்க ‘டிசைட்’ நல்ல சொல். முடிவு செய்வது என்று பொருள், எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

படி 1: முன்னொட்டைக் கழற்றுங்கள்

தொடக்கத்தில் இருக்கும் ‘டி’, லத்தீனில் ‘டே’. இந்த இடத்தில் அதற்கு ‘விலக்கி, அப்பால்’ என்று பொருள். கையில் மிஞ்சுவது ‘சைட்’.

படி 2: மிச்சத்தின் வேரைத் தேடுங்கள்

அகராதியில் சொற்பிறப்புப் பகுதியைப் பாருங்கள். ‘கைடெரெ’ என்ற லத்தீன் வினை இருக்கும். வெட்டுதல் என்று அர்த்தம். முன்னொட்டு ஏறியதும் ‘கை’ என்பது ‘கீ’ ஆகிவிடும்: டேகீடெரெ, அதாவது வெட்டி விலக்குதல். வழக்கைத் தீர்த்து வைப்பதற்கும் ரோமர்கள் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோதும் தகராறைத் தீர்ப்பது என்பதே பொருள். சொந்தமாக மனதில் முடிவெடுப்பது பிறகு வந்தது.

வெட்டுக்கும் முடிவுக்கும் என்ன சம்பந்தம்? ‘வெட்டு ஒன்று, துண்டு ரெண்டு’ என்று பேசுகிற நமக்கு அதை யாரும் விளக்க வேண்டாம்.

படி 3: சொந்தக்காரர்களைக் கூப்பிடுங்கள்

சிசர்ஸ், அறுவை மேஜையில் போடும் இன்சிஷன், பூச்சியைக் கொல்லும் பெஸ்டிசைட் எல்லாம் ஒரே குடும்பம். ‘கைடெரெ’வுக்குக் கொல்லுதல் என்ற பொருளும் உண்டு. எனக்குப் பிடித்தது ‘கன்சைஸ்’, சுருக்கமான என்று பொருள். நறுக்கப்பட்டது என்பதே அதன் மூலப்பொருள். நாமும் ‘நறுக்கென்று சொல்’ என்கிறோம்.

படி 4: போலிச் சொந்தத்தை விலக்குங்கள்

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இலையுதிர் மரத்துக்கு ஆங்கிலத்தில் ‘டிசிஜுவஸ்’. இலையை உதிர்க்க மரம் ‘டிசைட்’ பண்ணுகிறது என்று நானே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது ‘கடெரெ’, அதாவது விழுதல் என்ற வேறொரு வினை. முன்னொட்டு சேர்ந்தால் ‘டேகிடெரெ’ ஆகும். அதில் குறில் ‘கி’, முன்னதில் நெடில் ‘கீ’. லத்தீன் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். தமிழில் எழுதினால் பார்த்ததுமே பிரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் குறில் நெடில் தெரியாதே, என்ன செய்வது? பெயர்ச்சொல்லாக்கிப் பாருங்கள். ‘டிசைட்’ என்பது ‘டிசிஷன்’ ஆகிறது. ஒரே நேரத்தில் நேர்வதைச் சொல்லும் ‘கோயின்சைட்’ அப்படி ஆகாது, ‘கோயின்சிடென்ஸ்’தான் வரும். ‘சிஷன்’ வந்தால் வெட்டு, ‘சிடென்ஸ்’ வந்தால் விழல். ஆக்சிடென்ட், இன்சிடென்ட் இரண்டும் விழுந்தவைதான்.

பயிற்சிக்கு ‘எக்ஸைஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுப்பது என்ற வினைக்கு ‘எக்ஸிஷன்’ உண்டு, ஆகவே அது நம்ம குடும்பம். அதே எழுத்தில் இருக்கும் வரியின் பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. பையை வெட்டினாலும் அது சொந்தமில்லை.